ஹெப்பகோடியில் ரவுட்டரை அணைத்தது யார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷம் என்று சொன்னவர் யாரோ, பாவம், அவர் என்னோடு வேலை பார்த்ததே இல்லை போலிருக்கிறது. என் கூட பைக்கில் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் பச்சையாவதற்குள் நான் ஒரு முழுக் கதை சொல்லி முடிப்பேன்.

ஃபைபரை ஒட்டுவது, சிக்னலை அளப்பது, ரவுட்டரை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டும் எனக்கு இப்போது அந்த முடி மாதிரி இழை தெரிவதில்லை, நீங்கள் என்னைவிட நன்றாகவே ஒட்டுவீர்கள். நான் சொல்லப்போவது வேறு விஷயம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முறைக்கிறார், அடுத்த கம்ப்ளெயின்ட் போனில் வந்து விழுகிறது, ஆபீஸிலிருந்து இந்தக் கம்ப்ளெயின்டை இன்னும் மூடவில்லையா என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து டெலிபோன் கேபிள் இழுத்தவன், பிறகு பொம்மசந்திராவிலேயே குடியேறி வீட்டு இன்டர்நெட் வேலைக்கு மாறியவன். ஹோசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் நான் ஏறாத மாடி குறைவு. மற்றவர்கள் மூன்று தடவை போய்த் திரும்பி வந்த வீட்டுக்கு என்னை அனுப்புவார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு வீட்டில் வைஃபை பெட்ரூமுக்கு வரவே இல்லை என்று ஒரு வருஷமாகச் சண்டை. ரவுட்டரைக் கொண்டுபோய் எவர்சில்வர் பாத்திர அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார்கள். "தூசி படியுதுங்க" என்றார் அந்த அம்மா. வெளியே எடுத்து வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பெருகியபிறகு ஒரு புது ரகம் கிளம்பியது. மீட்டிங்கில் கேள்வி வந்து மாட்டிக்கொள்ளும்போது ரவுட்டரை அணைத்துவிட்டு, நெட் போய்விட்டது என்று நம் தலையில் போடுகிற ரகம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒருத்தர் என் கண்ணெதிரிலேயே காலால் ஸ்விட்சை அழுத்தியதைப் பார்த்துவிட்டேன். "அண்ணா, அஞ்சு நிமிஷம் மூச்சு விடணும், கண்டுக்காதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கண் வந்துவிட்டது. இவர்கள் என்னை ஏமாற்ற முடியாது என்கிற கண். அந்தக் கண்தான் என்னைக் கவிழ்த்தது.

ஹெப்பகோடியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலு தெரு தள்ளி, மூன்று மாடி பில்டிங். மாடிக்கு இரண்டு வீடு, எல்லாம் வாடகைக் குடித்தனம். பெரும்பாலும் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள், காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். இரண்டாவது மாடியில் வனிதா என்று ஒரு பெண். ஆம்பூர் பக்கத்துக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். கணவருக்கு பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. இவளுக்கு வீட்டிலிருந்தபடியே தமிழில் கஸ்டமர் கேர் கால் எடுக்கிற வேலை. அதுதான் அவளுக்கு முதல் வேலை, இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை.

அவள் சொன்ன குறை இதுதான். போன மாசத்திலிருந்து திடீரென்று நெட் போகிறது, மூன்று நிமிஷத்தில் தானாக வருகிறது. எல்லா நாளும் இல்லை. போகிற நாளில் எத்தனை மணிக்கு என்றும் சொல்ல முடியாது.

முதல் தடவை போனேன். நெட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டரைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டினேன். நம் வழக்கம் தெரியுமே, வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை வாங்கிப் போட்டால்தான் கம்ப்ளெயின்ட் மூடும். வாங்கினேன், மூடினேன். இரண்டாம் தடவை போனேன். அப்போதும் ஜோராக ஓடியது. எதற்கும் இருக்கட்டும் என்று ரவுட்டரையே மாற்றினேன். ஓடிபி வாங்கினேன், மூடினேன். ஒரே வாரத்தில் மூன்றாம் தடவை கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் சூடேறிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே ஆபீஸில் கேட்டு அவள் லைனின் பதிவைப் பார்த்தேன். லைனில் ஒரு குறையும் இல்லை. ரவுட்டர்தான் ஒவ்வொரு முறையும் அணைந்து திரும்ப எரிந்திருக்கிறது. லைன் அறுந்தால் ஒரு மாதிரி பதிவாகும், ரவுட்டருக்கு மின்சாரம் நின்றால் வேறு மாதிரி பதிவாகும். இது இரண்டாவது வகை.

"வீட்ல யாரும்மா ஸ்விட்ச் ஆஃப் பண்றது?"

"யாரும் இல்லண்ணா. பகல்ல நான் ஒருத்திதான்."

"கரண்ட் போகுதா?"

"இல்லண்ணா, ஃபேன் ஓடிட்டேதான் இருக்கு."

அவ்வளவுதான். கரண்ட் போகவில்லை, வீட்டில் வேறு ஆள் இல்லை, ரவுட்டர் மட்டும் அணைகிறது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காலால் ஸ்விட்சை அழுத்திய அந்த ஆள் கண் முன்னால் வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு வேறு. காரணம் எழுதுகிற கட்டத்தில், வாடிக்கையாளரே ரவுட்டரை அணைக்கிறார் என்று ஒரு வரி தட்டினேன். ஓடிபி வாங்கினேன், மூடினேன். அந்த ஒரு வரி எழுத எனக்குப் பத்து வினாடிகூட ஆகியிருக்காது.

நாலைந்து நாள் கழித்து என் நம்பருக்கே வனிதா போன் செய்தாள்.

"அண்ணா, நீங்க எழுதினதை மாத்தி எழுதித் தர முடியுமா?"

"என்னம்மா எழுதினேன்?"

"நான்தான் ஆஃப் பண்றேன்னு."

எனக்குச் சுர்ரென்றது. நான் எழுதியதை மாற்றச் சொல்ல இவள் யார் என்று. போனிலேயே சொல்லியிருப்பேன், அவள் குரல் ஒரு மாதிரி இருந்ததால் சொல்லவில்லை. நேரில் போய் நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். மூன்று மணிக்கு அவள் வீட்டில் இருந்தேன்.

நடந்தது இது. அவள் கால் எடுக்கிற நேரத்தில் அடிக்கடி காணாமல் போவதை அவள் கம்பெனியில் கவனித்திருக்கிறார்கள். நெட் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் உன் இன்டர்நெட் கம்பெனி கம்ப்ளெயின்ட் விவரத்தை அனுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். இவளுக்கோ சந்தோஷம், மூன்று தடவை புகார் கொடுத்த அத்தாட்சி கையில் இருக்கிறதே. நம் ஆப்பிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பிவிட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று புகாரும் தீர்ந்தது, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்தார் என்று இருந்தது. கடைசியில் என் வரி.

கால் சென்டரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், வேண்டுமென்றே கால் எடுக்காமல் தப்பிப்பது என்பது பெரிய குற்றம். அந்தப் பெயரோடு வெளியே அனுப்பினால் இந்த ஊரில் வேறு எந்தக் கால் சென்டரும் சேர்த்துக்கொள்ளாது. அன்று நாலு மணிக்கு டீம் லீடருடன் கடைசிப் பேச்சு. தப்பை ஒப்புக்கொண்டு மெயில் அனுப்பினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலை போகும்.

மெயிலை எழுதி வைத்திருந்தாள். லேப்டாப்பைத் திருப்பி என்னிடம் காட்டினாள். வேலை நேரத்தில் நானே ரவுட்டரை அணைத்தேன், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று இருந்தது.

"நீ செஞ்சியாம்மா?"

"இல்லண்ணா."

"அப்புறம் ஏன் எழுதியிருக்கே?"

"எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, ஒத்துக்கிட்டா வேலையாவது நிக்கும்னு. நீங்க எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் நான் இல்லைன்னா யார்ண்ணா நம்புவாங்க?"

பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெண்ணின் முகத்தில் அது இல்லை. "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்மா. நீ பேசு" என்று சொல்லி, ரவுட்டருக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய மூன்று தடவையும் நின்றபடியே பார்த்து, நின்றபடியே ஓடிபி வாங்கிக்கொண்டு போனவன்.

நாலு மணிக்கு டீம் லீடர் வீடியோவில் வந்தார். தமிழ் ஆள்தான், கெட்டவர் மாதிரியும் தெரியவில்லை. பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரவுட்டரில் இருந்த எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் பொட்டென்று அணைந்தன. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான், திரும்ப ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

வனிதாவின் இரண்டு கையும் மேஜை மேல் இருந்தன. கால் நாற்காலிக்கு அடியில் மடங்கியிருந்தது. ஸ்விட்ச் எதிர்ச் சுவரில், ரவுட்டருக்குப் பக்கத்தில், என் கண் முன்னால். அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் ஒரு சுற்று மெதுவாகி, திரும்ப வேகம் எடுத்தது. அதே நேரத்தில் கீழேயிருந்து உர்ர்ரென்று ஒரு சத்தம்.

"போச்சுண்ணா" என்றாள் வனிதா. அழவில்லை, சும்மா சொன்னாள்.

"இரும்மா" என்று என் போனிலிருந்து அவள் லேப்டாப்புக்கு நெட் கொடுத்துவிட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது, முழங்கால் இன்றைக்கும் ஞாபகப்படுத்துகிறது.

கீழே தண்ணீர் டேங்கர் நின்றுகொண்டிருந்தது. குழாயை சம்ப்புக்குள், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் விட்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பில்டிங் ஓனர், கன்னடக்காரர், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்தில் நின்றிருந்தார். மோட்டார் புதுப் பெயின்ட் மாறாமல் பளபளத்தது. அந்த பில்டிங்கில் சம்ப்பு சின்னது. டேங்கர் ஊற்ற ஊற்ற மோட்டாரைப் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றினால்தான் ஒரு லோடு முழுவதும் அடங்கும். டேங்கர் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது கடவுளுக்கே தெரியாத விஷயம், உங்களில் பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏனாயித்து, யாகே ஓடி பர்தீயா?" என்றார் ஓனர், என்ன ஆயிற்று, ஏன் ஓடி வருகிறாய் என்று.

"சார், மோட்டார் எப்ப மாத்தினீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்? பழசு சுட்டுப்போச்சப்பா. போன மாசம் புதுசு போட்டேன். பெரிசு. அஞ்சு நிமிஷத்துல மேலே ஏத்திடும்." அவர் பெருமையாகச் சொன்னார்.

நெட் போக ஆரம்பித்ததும் போன மாசம்தான். அந்தப் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இரண்டாவது மாடிக்குப் போகிற கரண்ட் லைனை ஒரு இழு இழுக்கிறது. ஃபேன் சமாளித்துக்கொள்கிறது, லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டர் மட்டும் செத்துப் பிழைக்கிறது. பகலில் அந்தப் பில்டிங்கில் வேறு யாரும் வீட்டில் இருப்பதில்லை, அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை. அட மடையா என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"சார், அஞ்சு நிமிஷம் மோட்டாரை நிறுத்துங்க. நான் மேலேயிருந்து குரல் குடுத்ததும் திரும்பப் போடுங்க."

"அய்யோ, டேங்கர் நிக்குதப்பா. சம்ப்பு ரொம்பி வழியும்."

"மேலே அந்தப் பொண்ணுக்கு வேலை போகப் போகுது சார்."

"யாரு, வனிதாவா?" அவர் மறுபேச்சு பேசவில்லை. டேங்கர்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார், மோட்டாரையும் அணைத்தார்.

மேலே போனபோது டீம் லீடர் பேசிக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா வனிதா, இப்பவும் கட் ஆச்சு. கேள்வி கேட்டா கட் ஆகுது. நான் என்ன நினைக்கட்டும்?"

நான் குறுக்கே போய் நின்றேன். "சார், மன்னிக்கணும். நான் இந்த வீட்டு நெட்டைப் பார்க்கிற டெக்னீஷியன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

லேப்டாப்பைத் தூக்கி கேமரா ரவுட்டரைப் பார்க்கிற மாதிரித் திருப்பினேன். ரவுட்டர், அதன் வயர், சுவரில் ஸ்விட்ச், மூன்றும் ஒரே படத்தில் தெரிந்தன. வனிதாவை எழுப்பி அறைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். நானும் ஸ்விட்சிலிருந்து விலகி ஜன்னல் பக்கம் போனேன். "ஹாகி சார்!" என்று, மோட்டாரைப் போடச் சொல்லிக் கீழே பார்த்துக் கத்தினேன். போட்டார். உர்ர்ரென்றது, விளக்கெல்லாம் அணைந்து எரிந்தன. "இன்னொரு தடவை" என்றேன். நிறுத்திப் போட்டார். மறுபடியும் அணைந்து எரிந்தன.

டீம் லீடர் இரண்டு தடவையும் பார்த்தார். பிறகு கேட்டார். "சரி, இது புரியுது. ஆனா கஸ்டமரே ஆஃப் பண்றாங்கன்னு உங்க கம்பெனி ரெக்கார்டுல இருக்கே. அது யார் எழுதினது?"

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பதிவில் என் பெயர் இல்லை, ஒரு எண்தான் இருக்கும். வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மோட்டார்தான் காரணம் என்று நிரூபித்தாயிற்று, இனி யார் என்னைப் பிடிக்கப்போகிறார்கள்? அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். வனிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றேன்.

"அவங்க ஆஃப் பண்றதைப் பார்த்து எழுதினீங்களா?"

"இல்ல சார். நானா நினைச்சு எழுதினேன்."

ரவுட்டர் அணைகிறது என்று பதிவு சொன்னது, அது சரி. யார் அணைத்தது என்று பதிவு சொல்லவே இல்லை. அதை இட்டுக்கட்டி நிரப்பியது நான். ஒரு பாதி உண்மையோடு என் அனுமானத்தை ஒட்டி, முழு உண்மை மாதிரி எழுதிவிட்டேன். ஒன்றும் தெரியாதவன் என்றால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பான். உங்களுக்கு அனுபவம் ஏற ஏற இந்த வியாதி வரும், அதனால்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன். எதைப் பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். பார்க்காததற்கு, தெரியவில்லை என்று எழுதுங்கள். தெரியவில்லை என்று எழுதினால் யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள்.

"வனிதா, அந்த மெயில் வேண்டாம்" என்றார் டீம் லீடர். "சார் இப்ப சொன்னதை எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. நீங்க வழக்கம்போல கால் எடுங்க."

எழுத்தில் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் பழைய மூன்று கம்ப்ளெயின்டையும் திறக்க முடியும். அங்கேயே உட்கார்ந்து திறந்தேன். மூன்றும் தவறாக மூடப்பட்டவை, கடைசிக் காரணம் நேரில் பார்க்காமல் எழுதப்பட்டது, எழுதியது நானே என்று தட்டினேன், வனிதா அதை ஆப்பிலிருந்து எடுத்து டீம் லீடருக்கு அனுப்பினாள். ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி மாட்டிவிட்டேன். மோட்டாருக்குக் கரண்ட் லைனைப் பிரித்துப் போட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதாக ஓனர் ஒப்புக்கொண்டார். ஆபீஸில் மறுநாள் மேலாளர் என்னை நிற்க வைத்துக் கத்தினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே" என்றார். அந்தக் காலாண்டுக்குச் சிறந்த டெக்னீஷியன் என்று என் போட்டோவை மாட்டுவதாக இருந்தார்கள், மாட்டவில்லை. எனக்கு வருத்தம்தான். வருத்தம் இல்லை என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேச மாட்டேன்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அதுவல்ல. அன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வனிதா கூப்பிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதெல்லாம் எதுக்கும்மா என்று சொல்வதற்குக்கூடத் தயாராகிவிட்டேன்.

"அண்ணா, போன தடவை கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. நான் ரெண்டு மூணு நாள் யோசிச்சேன், எதுக்குச் சிரிச்சாருன்னு. இதை நினைச்சுத்தானா?"

நான் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சிரித்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா?

"ஆமாம்மா. இதை நினைச்சுத்தான்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "வணக்கம், நான் வனிதா பேசுறேன், சொல்லுங்க" என்று அடுத்த அழைப்பை எடுத்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.